மவ்த் அல்லாஹ்வின் நாட்டம். கணக்குக் கேட்பது நம் கடமை!

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். பள்ளிக்கூட விடுமுறை. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சுன்னத் வைக்கும் காலம். பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் தம் ஆறு வயது மகனை ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்கு அழைத்துச் சென்றார். 'பிள்ளை பயப்படுகிறான், மயக்கம் கொடுத்துச் செய்து விடலாம்' என்றார்கள். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போன பிள்ளை பதினொரு மணிக்கு மய்யித்தாக வெளியே வந்தான்.

செய்தி கேட்டு ஓடினேன். வாசலில் ஐம்பது வாலிபர்கள். "கண்ணாடியை உடைத்தால்தான் இவனுகளுக்குப் புத்தி வரும்" என்று ஒரு கூட்டம். "அல்லாஹ் கொடுத்தான், எடுத்துக் கொண்டான். பிள்ளையைப் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொடுத்து அறுக்க விடலாமா? லுஹருக்கு அடக்கி விடுவோம்" என்று பெரியவர்கள். உள்ளே ஓர் அறையில், ஓர் உறையில் பணத்தை வைத்து ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டுக் கொண்டிருந்தார் நிர்வாகி.

வாலிபர்களை அடக்கினேன். அது சரி. ஆனால் தந்தையின் தோளைத் தொட்டு, "பாய், ஸபூர் செய்யுங்கள், அடக்கி விடுவோம்" என்று சொன்னவனும் நான்தான். லுஹருக்குப் பிறகு ஜனாஸா தொழுகையை நடத்தியவனும் நான்தான்.

மூன்று மாதம் கழித்து அந்தச் சகோதரர் பள்ளிவாசலில் என்னைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், அன்னிக்குக் காலையில புள்ள அழுதான்னு அவ ஒரு தம்ளர் பால் கொடுத்தாளாம். அந்தப் பாலுனாலதான் மவ்த்தாப் போச்சான்னு ராத்திரியெல்லாம் கேட்குறா. நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. மயக்க மருந்து கொடுத்தது யார்? தெரியாது. என்ன மருந்து, எவ்வளவு? தெரியாது. மூச்சு எப்போது நின்றது? தெரியாது. ஒரு துண்டுக் காகிதம் கூட எங்கள் கையில் இல்லை. அந்தத் தாய் குற்றமற்றவள் என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. மருத்துவர் குற்றவாளி என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. எல்லாவற்றையும் பிள்ளையோடு சேர்த்துக் கப்ரில் வைத்து விட்டோம்.

இந்தத் தலையங்கம் அந்தக் கேள்வியிலிருந்து எழுதப்படுகிறது.

மயக்கம் ஓர் அமானிதம்

விழித்திருக்கும் மனிதன் தன் மூச்சைத் தானே காத்துக் கொள்கிறான். தொண்டையில் எச்சில் இறங்கினால் இருமுகிறான். மயக்க மருந்து கொடுக்கப்பட்டவனுக்கு இந்தக் காவல் போய் விடுகிறது. அவனுடைய மூச்சு இன்னொரு மனிதரின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. இதைவிடப் பெரிய அமானிதம் ஏது?

அறுவை செய்பவரின் கண் கத்தியில் இருக்கும். ஆகவே மூச்சையும் இதயத்தையும் மட்டும் பார்த்துக் கொண்டிருக்க இன்னொரு மருத்துவர் வேண்டும். அவர்தான் மயக்கவியல் மருத்துவர். மக்கள் மொழியில் மயக்க டாக்டர். மூளைக்கு நான்கைந்து நிமிடம் ஆக்ஸிஜன் போகாவிட்டால் மீட்க முடியாத சேதம் தொடங்கி விடும். ஆபத்து வரும் போது நூலைப் புரட்ட நேரமில்லை. 'இன்னொரு தியேட்டரில் இருக்கிறார், வந்து விடுவார்' என்று சொல்லவும் நேரமில்லை.

இந்தப் பாடத்தை உலகம் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1847 நவம்பரில் குளோரோஃபார்ம் மயக்க மருந்தாக அறிமுகமானது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரருகே 15 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கால் நகத்தை எடுக்க அது கொடுக்கப்பட்டது. சில நிமிடங்களில் அவள் இறந்தாள். கால் நகத்துக்காக ஓர் உயிர்! ஆனால் அங்கே பிரேதப் பரிசோதனை நடந்தது. விசாரணை நடந்தது. எல்லாம் எழுதி வைக்கப்பட்டது. 175 ஆண்டுகள் கடந்தும் மயக்கவியல் படிக்கும் மாணவர்கள் அந்தச் சிறுமியின் மரணத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. குளோரோஃபார்ம் எப்படிக் கொல்கிறது என்று ஆராய ஹைதராபாத்தில் 1888-லும் 1889-லும் இரண்டு ஆணையங்கள் அமைந்தன. செலவை ஏற்றவர் நிஜாம் மஹ்பூப் அலீ கான். லண்டன் மருத்துவ இதழான 'லான்செட்' ஒரு நிபுணரை அனுப்பி வைக்க ஆயிரம் பவுன் கொடுத்தார். 'மூச்சைக் கவனி' என்பதே அந்த ஆணையம் சொன்ன முடிவின் சாரம். இதயம் தனியாகவும் நின்று போகும் என்பதை 1911-இல் வந்த ஆய்வு காட்டி, அந்த முடிவின் குறையைத் திருத்தியது. இன்று இரண்டையும் இடைவிடாமல் கவனிக்கிறார்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கருவி, இதயத் துடிப்பைக் காட்டும் திரை எல்லாம் வந்து விட்டன. மயக்க மருந்தால் ஏற்படும் மரணம் இன்று மிக அரிதாகி விட்டது. அரிதாகி விட்டதால்தான், நடக்கும் போது ஏன் நடந்தது என்று கேட்பது இன்னும் அவசியமாகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

'ஆயுள் முடிந்தது, இதில் மருத்துவரைக் கேட்க என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கிறார்கள். தக்தீரை நம்புவது ஈமான். அதில் சந்தேகமில்லை. ஆனால் தவறுதலாகக் கொல்லப்பட்டவனின் ஆயுளும் அல்லாஹ் எழுதியபடிதானே முடிந்தது? அப்படியிருந்தும் தவறுதலான கொலைக்குப் பரிகாரத்தையும், வாரிசுகளுக்கு நஷ்ட ஈட்டையும் அல்லாஹ் ஏன் விதித்தான்? (பார்க்க: அல்குர்ஆன் 4:92) நாட்டம் அவனுடையது, பொறுப்பு மனிதனுடையது. இரண்டையும் குழப்பாதீர்கள்!

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா நூல்களில் பதிவாகியிருக்கிறது. இதை வைத்து இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள் மருத்துவர்களை வகை பிரித்தார்கள். தொழில் அறிந்தவர், அனுமதி பெற்று, முறைப்படி செய்தும் நோயாளி இறந்தால் அவர் மீது பொறுப்பில்லை. அறியாதவர் தொட்டால் பொறுப்பு. அறிந்தவரே ஆனாலும் கை தவறினால் நஷ்ட ஈடு. அனுமதியின்றிச் செய்தால் அது தனிக் கேள்வி. இன்றைய நீதிமன்றங்கள் பேசும் வேறுபாடுகள் அன்றே எங்கள் கிதாபுகளில் இருந்தன.

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா அல்முக்ததிருக்கு எட்டியது. தலைமை மருத்துவர் ஸினான் பின் ஸாபித் அவர்களிடம் தேர்வு பெறாமல் எவரும் மருத்துவம் செய்யக் கூடாது என்று ஆணை பிறந்தது. எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டார்கள். ஒரே ஒரு சாமானியனின் மரணம் ஒரு தலைநகரத்தின் மருத்துவ முறையையே மாற்றியது!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய சந்தைக் கண்காணிப்பு நூலில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. மருத்துவர் கொடுக்கும் மருந்துச் சீட்டின் நகலை நோயாளியின் குடும்பத்திடம் தர வேண்டும். நோயாளி இறந்தால் அந்தச் சீட்டுகளைக் குடும்பத்தார் தலைமை மருத்துவரிடம் கொண்டு போவார்கள். சிகிச்சை சரியென்றால் அவர் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவார். கவனக்குறைவு தெரிந்தால், தியத் வாங்கிக் கொள்ளுங்கள் என்று மருத்துவரைக் காட்டுவார். கவனியுங்கள் சகோதரர்களே! ஆவணம், பிறகு நிபுணரின் கருத்து, பிறகு தீர்ப்பு. அந்த வரிசையை விட்டு விட்டோம். அதனால்தான் ஒரு தாய்க்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசலில் எது கிடைக்கும் என்பது தெரியாமல் பலர் தவறான கதவைத் தட்டி ஏமாறுகிறார்கள்.

முதல் வாசல் குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின் போது செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். பதிவில்லாத போலிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு.

ஆனால் மருத்துவர் மீது குற்ற வழக்கு எளிதல்ல. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும். தகுதியுள்ள இன்னொரு மருத்துவரின் கருத்து இல்லாமல் வழக்குத் தொடரக் கூடாது. வழக்கமான முறையில் கைது செய்து விடவும் கூடாது. அந்த வழக்கின் நிகழ்ச்சி என்ன தெரியுமா? 1995-இல் லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு நோயாளிக்குக் கொண்டு வரப்பட்ட ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. மருத்துவர்கள் மீதான குற்ற வழக்கு ரத்தானது. ஆனால் சிலிண்டரைத் தயாராக வைக்காததற்கு மருத்துவமனை உரிமையியல் சட்டப்படி பொறுப்பாகலாம் என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. சிறைக்கு ஒரு அளவுகோல், நஷ்ட ஈட்டுக்கு வேறு அளவுகோல். இதை மனதில் வையுங்கள்.

இரண்டாம் வாசல் நஷ்ட ஈடு. வி.பி. சாந்தா வழக்கில் 1995-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்து விட்டது. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி கிடையாது. உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான்.

மூன்றாம் வாசல் மாநில மருத்துவக் கவுன்சில். அது பணம் வாங்கித் தராது. ஆனால் தவறு செய்தவரின் பதிவை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நாளை இன்னொரு பிள்ளை அதே கையில் போகாமல் தடுக்க வேண்டுமானால் இந்த வாசலையும் தட்ட வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சலித்துக் கொள்பவர்களுக்கு ஒரு தந்தையைக் காட்டுகிறேன். 1953 மே மாதம் மகாராஷ்டிரக் கடற்கரையில் ஓர் இளைஞனின் தொடை எலும்பு முறிந்தது. பூனாவில் மருத்துவர் மயக்க மருந்து கொடுக்காமலேயே ஆட்களை வைத்து இழுத்து எலும்பைப் பொருத்தினார் என்றும், அந்த அதிர்ச்சியில் இளைஞன் இறந்தான் என்றும் நீதிமன்றங்கள் கண்டன. தந்தை வழக்குத் தொடர்ந்தார். 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த தொகை 3,000 ரூபாய்! ஆனால் அந்த லட்சுமண் ஜோஷி வழக்கில் மருத்துவரின் கடமை பற்றிச் சொல்லப்பட்டதைத்தான் இன்று வரை எல்லா நீதிமன்றங்களும் எடுத்துக் காட்டுகின்றன. அந்தத் தந்தை கேட்டது தன் மகனுக்காக. கிடைத்தது நம் எல்லோருடைய பிள்ளைகளுக்கும்.

பொறுப்பு யார் தோளில்?

மயக்கத்தில் மரணம் என்றவுடன் நம் விரல் மருத்துவரை நோக்கித்தான் நீளுகிறது. பொறுங்கள்! 2016 மே மாதம் இந்தூர் அரசு மருத்துவமனை ஒன்றில் ஆக்ஸிஜன் குழாயில் நைட்ரஸ் ஆக்ஸைடு வந்ததால் அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு மயக்கத்துக்குப் பயன்படும் வாயு. மருத்துவர் திறந்தது ஆக்ஸிஜன் குழாயைத்தான். மாற்றிப் பொருத்தியது குழாய் வேலை செய்தவர்கள். சோதிக்காமல் தியேட்டரைத் திறந்தது நிர்வாகம். நம் நாகர்கோவிலிலும் 2011-இல் ஓர் அரசு மருத்துவமனையில் ஆக்ஸிஜனுக்குப் பதில் அதே வாயு போய் ஒரு பெண் நினைவிழந்து, அடுத்த ஆண்டு இறந்தார். கணவர் விடாமல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். நஷ்ட ஈடு கொடுக்க அரசுக்கு உத்தரவு வந்தது.

ஆகவே பொறுப்பு ஒரு சங்கிலி. மருந்தை அளந்த கை, மூச்சைப் பார்க்க வேண்டிய கண், இயந்திரத்தைச் சோதிக்க வேண்டிய ஊழியர், மயக்க டாக்டருக்குப் பணம் மிச்சம் பிடித்த முதலாளி என்று பலர் அதில் இருக்கிறார்கள். எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் கையில் கிடைத்தவரைப் பலி கொடுப்பது நீதி ஆகாது.

இந்த அநியாயத்தை நம் சமுதாயத்தை விட யார் அறிவார்? 2017 ஆகஸ்டில் கோரக்பூர் மருத்துவக் கல்லூரியில் ஆக்ஸிஜன் தடைப்பட்ட நாட்களில் குழந்தைகள் செத்து மடிந்தார்கள். ஆக்ஸிஜன் நிறுவனத்துக்குப் பாக்கி வைத்திருந்த விவகாரம் வெளியே வந்தது. ஆனால் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் டாக்டர் கஃபீல் கான். எட்டு மாதம் உள்ளே இருந்தார். 2018 ஏப்ரலில் ஜாமீன் வழங்கிய அலாகாபாத் உயர் நீதிமன்றம், அவர் தனிப்பட்ட முறையில் மருத்துவக் கவனக்குறைவு செய்ததாகக் காட்டும் ஆதாரம் இல்லை என்று சொன்னது. அன்று நாம் என்ன கேட்டோம்? 'விசாரிக்காமல் பழி போடாதே' என்றோம். அதே நியாயம் நம் ஊர் மருத்துவருக்கும் உண்டு. அவர் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும் உண்டு. தன் குற்றத்தை நிரபராதி மீது சுமத்துபவன் அவதூறைச் சுமக்கிறான் என்று குர்ஆன் எச்சரிக்கிறது. (பார்க்க: 4:112)

வாலிபர்களே! கல்லை எடுக்கும் முன் யோசியுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளையும் ஊழியர்களையும் தாக்குவதற்கென்றே 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஜாமீனில் வர முடியாத குற்றம். நீங்கள் உடைக்கும் ஒரு கண்ணாடி, உங்கள் வழக்கையே உடைத்து விடும். அதுவரை பதில் சொல்ல வேண்டியவர்களாக இருந்தவர்கள் புகார் கொடுப்பவர்களாக மாறி விடுவார்கள். அந்தக் கலவரத்தில் முக்கியமான காகிதங்கள் காணாமல் போனால் யாரைக் கேட்பீர்கள்?

போஸ்ட்மார்ட்டம் கூடாதா?

இனி நம் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. இது எனக்கும் சேர்த்துத்தான்.

மய்யித்தின் எலும்பை உடைப்பது உயிருள்ளவரின் எலும்பை உடைப்பது போன்றது என்ற கருத்தில் வந்த ஹதீஸ் நமக்குத் தெரியும். மய்யித்துக்குக் கண்ணியம் உண்டு. வீணாகத் தொடக் கூடாது. ஆனால் நிர்ப்பந்தம் என்ற நிலையை ஃபிக்ஹ் மறுக்கிறதா? பிறருடைய பொருளை விழுங்கி விட்டு ஒருவர் இறந்து, பொருளுக்கு உரியவர் கேட்டால், வயிற்றைத் திறந்து எடுத்துக் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகள் பேசுகின்றன. ஒரு பொருளுக்காக இது ஆகும் என்றால், ஓர் உயிர் எப்படிப் போனது என்று அறிவதற்கு ஆகாதா? சவூதி மூத்த உலமாக்கள் சபை 1976-இலும், மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1987-இலும், குற்ற விசாரணைக்குத் தேவையான பிரேதப் பரிசோதனையை அனுமதித்திருக்கின்றன.

ஜனாஸாவை விரைவுபடுத்துவது சுன்னத். உண்மையைப் புதைப்பது சுன்னத் அல்ல! ஒரு நாள் தாமதமாக அடக்கினால் மய்யித்துக்குக் குறைவு வந்து விடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயக்க மரணங்களில் உடலைத் திறந்து பார்த்தாலும் பல நேரங்களில் எதுவும் தெரியாது. மூச்சு நின்றதற்கு உடலில் தழும்பு இருக்காது. இரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் மருந்தின் அளவைச் சோதிக்க வேண்டும். அதை விட முக்கியம், நிமிடத்துக்கு நிமிடம் நாடியும் இரத்த அழுத்தமும் ஆக்ஸிஜனும் எழுதப்பட வேண்டிய மயக்கக் குறிப்புத் தாள். அதுதான் உண்மையான சாட்சி. அது கைக்கு வந்து விட்டால் பாதி வழக்கு முடிந்தது. அது எழுதப்படவே இல்லை என்றால், அதுவும் ஒரு சாட்சிதான்!

என்ன செய்ய வேண்டும்?

தியேட்டர் கதவு மூடும் முன் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். கடையில் ஒரு சரக்கு வாங்கும் போது எத்தனை கேள்வி கேட்கிறோம்!

மயக்கம் கொடுப்பவர் யார், அவருடைய தகுதி என்ன, முடியும் வரை அருகிலேயே இருப்பாரா? விரலில் மாட்டும் கருவி இருக்கிறதா? ஆக்ஸிஜனும், மூச்சுக் குழாய் போடும் வசதியும் அதே அறையில் இருக்கின்றனவா? மரத்துப் போகும் ஊசி மட்டும் என்றால் பிள்ளையை எடை பார்த்தார்களா? 2 சதவீத லிக்னோகெய்ன் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற பத்திரமான கணக்கில், 10 கிலோ குழந்தைக்கு ஒன்றரை மில்லிதான் வரும். பெரியவருக்குப் போடுவது போல் பிள்ளைக்குப் போட்டால் இதயம் தாங்காது. ஒரே நாளில் நூறு பிள்ளைகளுக்குச் சுன்னத் முகாம் நடத்தும் ஜமாஅத்துகள் இதைக் குறித்துக் கொள்ளட்டும்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. மயக்கத்துக்கு முன் வெறும் வயிறு வேண்டும். தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம், தாய்ப்பால் என்றால் நான்கு, மற்றப் பாலும் இலேசான உணவும் என்றால் ஆறு மணி நேரம் இடைவெளி. கொழுப்பும் இறைச்சியும் உள்ள உணவுக்கு இன்னும் கூடுதல். பிள்ளை அழுகிறானே என்று பால் கொடுத்து விட்டால் மறைக்காமல் சொல்லி விடுங்கள். நேரத்தைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்து கொள்வது மருத்துவரின் கடமை என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வாமை, ஆஸ்துமா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஏற்பட்ட ஆபத்து, எதையும் மறைக்காதீர்கள்.

காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் படித்து விட்டுப் போடுங்கள். எதற்குச் சம்மதித்தோமோ அதற்குத்தான் சம்மதம். மயக்கத்தில் கிடந்த பெண்ணுக்கு அவர் சம்மதிக்காத பெரிய அறுவையை, தாயிடம் கேட்டுச் செய்தது செல்லாது என்று ஸமீரா கோஹ்லி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டு விட்டோமே என்று அஞ்ச வேண்டாம். கவனக்குறைவுக்கு எவரும் முன்கூட்டியே சம்மதம் கொடுப்பதில்லை.

அல்லாஹ் காப்பாற்றட்டும், மரணம் நேர்ந்து விட்டால்: சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். கேட்ட கடிதத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அடக்கும் முன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. உறையில் வரும் பணத்தை அன்றைக்குத் தொடாதீர்கள். வாரிசுகள் மன்னிக்க விரும்பினால் மன்னிக்கலாம்; அது பெருந்தன்மை. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு மன்னிப்பதுதான் மன்னிப்பு. தெரியாமல் கையெழுத்துப் போடுவது ஏமாறுவது.

வியாபாரப் பெருமக்களே! உங்களில் பலர் மருத்துவமனை கட்டுகிறீர்கள், பங்கு போடுகிறீர்கள், ஆம்புலன்ஸ் வாங்கித் தருகிறீர்கள். அல்லாஹ் பொருந்திக் கொள்வானாக. நாளை நம் சமுதாயத்தார் நடத்தும் மருத்துவமனையிலேயே இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வோம்? 'நம்ம ஆளு, விட்டு விடுங்கள்' என்போமா? நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. (பார்க்க: 4:135) பெயர்ப் பலகையைப் பெரிதாக்கும் முன் மயக்க டாக்டருக்குரிய சம்பளத்தையும் கருவிகளையும் கணக்கில் எழுதுங்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு வக்கீல், ஒரு மருத்துவர், ஓர் ஆலிம், இரண்டு வாலிபர்கள் கொண்ட குழு வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். இப்படிச் செய்தி வந்தால் முதலில் அவர்கள் போக வேண்டும். வாலிபர்களில் ஒருவர் கூட்டத்தை அமைதிப்படுத்தட்டும். மற்றவர் ஆவணம் கேட்டு மனு எழுதட்டும். மருத்துவர் அதைப் படித்து, தவறு இல்லை என்றால் தவறு இல்லை என்று குடும்பத்திடம் தைரியமாகச் சொல்லட்டும். தவறு இருந்தால் வக்கீல் பார்த்துக் கொள்ளட்டும். ஆலிம் அந்த வீட்டுக் குடும்பத்தோடு உட்காரட்டும்.

அந்தப் பாத்திரக் கடைச் சகோதரரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க ஹஜ்ரத்" என்றார். அவர் மன்னித்து விட்டார். ஆனால் அந்த வீட்டுத் தாய் இன்றும் அந்த ஒரு தம்ளர் பாலை நினைத்துக் கொண்டிருக்கிறாள். தெரியாத ஒன்றின் பின்னால் போகாதே. செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். (பார்க்க: 17:36) எனக்குத் தெரியாததை வைத்து அவளுக்கு ஆறுதல் சொல்லவும் என்னால் முடியவில்லை. கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விட்டதற்காக மறுமையில் நானும் விசாரிக்கப்படுவேன்.

இன்னொரு வீட்டில் இப்படி ஒரு கேள்வி பதிலில்லாமல் நிற்கக் கூடாது. நம் மஹல்லாவில் அந்தக் குழு இருக்கிறதா? இல்லையென்றால் வரும் ஜுமுஆவுக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவோமா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! நீதிக்காகப் பொறுமையோடு நிற்கும் கூட்டமாக நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.